எண்ணைக் கேட்கும் நீங்களே அதை வாங்கியும் கொடுங்கள்

கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் உதவித்தொகைப் பிரிவைக் கவனித்துவரும் நண்பர்களே,

சேர்க்கைக் காலம் நெருங்கிவிட்டது. பூலுவப்பட்டி, ஆழியாறு, பவானிசாகர், அரச்சலூர், இராயனூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உங்கள் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் மதிப்பெண் பட்டியல், டி.சி., முகாம் அடையாள அட்டையின் நகல், மடித்து மடித்து நைந்துபோன குடும்ப அட்டை. "ஆதார்ல பேரு வேற மாதிரி இருக்கே", "பேங்க்ல லிங்க் ஆகலையே", "சாதிச் சான்று நம்பர் போடாம சப்மிட் ஆகாதே" என்று நீங்கள் சொல்ல வேண்டிய நிலை வரும். சொன்னதும் அந்தப் பிள்ளை "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடும். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காது. பிறந்தது முதல் தணிக்கைக்கும் கையெழுத்துக்கும் அதிகாரிகள் முன்னால் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அலுவலகத்தில் ஒருவர் "இல்லை" என்றால் அதற்கு மேல் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த "சரிங்க சார்" வரும் இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஜூன் தொடங்கி தீபாவளி வரை நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒரு கிளார்க், ஒரு கம்ப்யூட்டர். கடைசித் தேதி நெருங்க நெருங்க சர்வர் படுத்துவிடும். பஸ் பாஸ், கல்விக்கடன் சான்று, முதல் பட்டதாரிச் சலுகை எல்லாம் ஒரே மேசைக்குத்தான் வரும். இதற்கு நடுவில் ஒரு விண்ணப்பம் சிக்கினால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் நடைமுறை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால், ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்கப்படுவது அதே முகாம் பிள்ளைகளின் விண்ணப்பம்தான் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நம் கல்லூரிகளில் 'வெளிநாட்டு மாணவர்' என்று சொன்னால் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, விசா இருக்கிறது, கவனிக்கத் தனி அலுவலரும் இருக்கிறார். முகாம் பிள்ளையும் காகிதத்தில் வெளிநாட்டவர்தான். ஆனால் பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போனால் "நீ உதவித்தொகைப் பிரிவுக்குப் போ" என்பார்கள். உங்களிடம் வந்தால் உங்கள் படிவம் இந்தியரை மட்டும் மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. இரண்டு மேசைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நிற்கிறது.

இத்தனைக்கும் அது சத்தியமங்கலத்திலோ கோவையிலோ ஏதோவொரு அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளை. வீட்டில் அம்மாவிடம் "ஓம்" என்று சொல்லும், பஸ்ஸில் கண்டக்டரிடம் "ஏனுங்ணா, பேரூர் நிக்குமுங்களா?" என்று கேட்கும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் அளித்த தீர்ப்பால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். இப்போது உங்களிடம் வருவோர் 2007, 2008 வாக்கில் பிறந்தவர்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முகாம்களில் மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். அவர்களும் இங்கே வெளிநாட்டவர்தாம். இந்த அநீதியைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. டெல்லியில் தீர வேண்டியது டெல்லியில் தீரட்டும். உங்கள் மேசையில் தீரக்கூடியதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். "ஆதார் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தானே, இவங்களுக்கு எப்படி?" என்று பல அலுவலகங்களில் இன்றைக்கும் கேட்கிறார்கள். 2016 ஆதார் சட்டம் குடிமக்களைப் பற்றிப் பேசவில்லை, வசிப்பவரைப் பற்றிப் பேசுகிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியிருந்தவர் வசிப்பவர். அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஆதார் எண் குடியுரிமைக்கோ இருப்பிட உரிமைக்கோ சான்றாகாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே முகாம் பிள்ளைக்கு ஆதார் வாங்க உதவினால் குடியுரிமை விஷயத்தில் நாம் மாட்டிக்கொள்வோமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. முகாம்வாசிகள் பலரிடம் ஏற்கெனவே ஆதார் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை விலக்கும் அளித்துவிட்டது.

உண்மையான சிக்கல் எண் இருந்தும் அது பொருந்தாமல் போவதில்தான். யாழ்ப்பாணத்தில் 'ராசா' என்று எழுதும் அப்பா பெயரை, மண்டபத்தில் படகிலிருந்து இறங்கிய நாளில் இங்குள்ள எழுத்தர் 'ராஜா' என்று பதிந்திருப்பார். பள்ளியில் சேர்த்தபோது அப்பா பெயர் ஒற்றை முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஆதார் எடுத்தவர் முகாம் அட்டையைப் பார்த்து அப்பா பெயர் முழுவதையும் பிள்ளை பெயருக்கு முன்னால் போட்டிருப்பார். வங்கியில் வேறு மாதிரி. நான்கு காகிதத்தில் நான்கு பெயர். நமக்குப் பார்த்ததும் ஒரே ஆள்தான் என்று தெரிகிறது. கணினிக்கு நான்கு ஆட்கள். பள்ளியின் எமிஸ் எண்ணிலிருந்து கல்லூரியின் யூமிஸ் பதிவுக்கு வரும்போது இது வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? அவசரத்தில் ஒருவர் தப்பாகத் திருத்தினால் ஒரு வாய்ப்பு போயிற்று.

இதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு மாணவியின் விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. திருத்தம் செய்து வந்தாள். கைரேகை பதியவில்லை என்றார்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பித்தலைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். அதையும் முடித்து வந்தாள். தொகை அனுமதியாகிவிட்டது, ஆனால் கையில் வரவில்லை. விசாரித்தால், எப்போதோ சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வாங்கி ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கைத் திறந்து ஆதாரையும் அதில் இணைத்துவிட்டிருக்கிறார். ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் அரசுப் பணம் போய்ச் சேரும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லப்பட்டது ஒரே ஒரு தகவல்தான்: "இது சரியில்ல." அடுத்தது என்ன, எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று எந்த மேசையும் சொல்லவில்லை. ஒவ்வொரு அலைச்சலுக்கும் அவள் அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். அவர் பெயின்ட் அடிக்கிறவர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். நம் ஊர் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், முகாமைச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். சனி, ஞாயிறுகளில் கல்லூரிப் பையன்களும் அதே வேலைக்குத்தான் போகிறார்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது நகக்கண்ணில் டிஸ்டெம்பர் ஒட்டியிருக்கும்.

அந்த வீட்டுக்கு உதவித்தொகை என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், கலை அறிவியல் மாணவருக்கான ஆண்டு உதவி 3,000 ரூபாயிலிருந்து 12,000-ஆகவும், பாலிடெக்னிக் மாணவருக்கு 2,500-லிருந்து 10,000-ஆகவும், தொழிற்கல்வி மாணவருக்கு 5,000-லிருந்து 20,000-ஆகவும் உயர்ந்தது. மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பொறியியல் மாணவருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்றது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் பணக்கொடை வரும் வீட்டில் 12,000 ரூபாய் என்பது எட்டு மாதக் கொடை. அது நவம்பரில் வந்தால் செமஸ்டர் கட்டணம் கட்டலாம். மார்ச் வரை வராவிட்டால் பையன் சாரத்தில் முழுநேரமாக ஏறிவிடுவான். படிப்பை விட்டுவிட்டேன் என்று யாரிடமும் வந்து சொல்ல மாட்டான். வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட் விழும்போதுதான் நமக்குத் தெரியும்.

2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசுக் கலைக் கல்லூரியில்தான் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் சேரும். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலே இருக்கிறது. முகாம் பிள்ளைகளில் மிகப் பலர் படித்தது பக்கத்து அரசுப் பள்ளிகளில்தான். "உங்களுக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று மேசையிலேயே முடிவு சொல்லிவிடாதீர்கள். தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது துறை. விண்ணப்பத்தை மேலே அனுப்புவது நம் கடமை. மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடாவது செய்ய முடியும்.

சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் இடத்தையும் நீங்கள் பயன்படுத்த வேண்டும். ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவுதான் அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கச் சொல்கிறது. எண் இன்னும் ஒதுக்கப்படாதவருக்கு வேறு ஏற்கத்தக்க அடையாளத்தின் பேரில் உதவி வழங்கப்பட வேண்டும் என்று சொல்வதும் அதே பிரிவுதான். முதல் பாதி எல்லா அலுவலகங்களிலும் அமலாகிறது, இரண்டாம் பாதியை யாரும் படிப்பதில்லை. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எந்தத் திட்டத்தின் பயனும் மறுக்கப்படக் கூடாது என்றது. உங்களிடம் வருவோரில் 18 நிறையாதவர்களும் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். முகாம் அடையாள அட்டை என்பது அரசே கொடுத்த ஆவணம். மாதந்தோறும் அதிகாரிகளே நேரில் ஆள் பார்த்துத் தணிக்கை செய்யும் அட்டை அது. அதைவிட உறுதியான அடையாளம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆண்டுதோறும் எத்தனை பேர் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கப் போகிறார்கள்! போய் இறங்கியதும் அவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது ஓர் எண்தான். ஜெர்மனியில் தங்கும் முகவரியை நகராட்சியில் பதிந்தால், 11 இலக்க வரி அடையாள எண் சில வாரங்களில் தபாலில் வீடு தேடி வருகிறது. கனடாவில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவருக்கு 9-இல் தொடங்கும் சமூகக் காப்பீட்டு எண் கொடுக்கிறார்கள். அவர் அந்த நாட்டவர் அல்லர் என்பது முதல் இலக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் அந்த எண்ணை வைத்தே அவருக்கு உதவித்தொகை வழங்குகிறார்கள். அமெரிக்காவில் எஃப்-1 விசா மாணவருக்கு வேலை கிடைத்தால்தான் சோஷியல் செக்யூரிட்டி எண். வேலையில்லாமல், தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமாக உதவித்தொகை வந்தால் அதற்கு வரிக்கணக்கு உண்டு, அதற்கென ஐ.டி.ஐ.என். என்ற வேறோர் எண், டபிள்யூ-7 என்ற படிவம். இந்தப் படிவத்தைத் தானே நிரப்பத் தெரிந்துகொண்டு விமானம் ஏறிய பிள்ளை யாரும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, படிவத்தை நிரப்ப உதவி, வரித்துறைக்கு அனுப்பி வைக்கிறார். நம் பிள்ளை போனில், "அங்க ஒரு மேடம் எல்லாத்தையும் பாத்துக் குடுத்தாங்கம்மா" என்று சொல்லும்போது நாம் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்! பூலுவப்பட்டியில் ஒரு தாய்க்கும் அந்த நிம்மதி வேண்டும். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் நம் பிள்ளைக்குச் செய்வதை, நம் மொழியே பேசும் பிள்ளைக்கு நம்மால் செய்ய முடியாதா?

1983-இலும் 1990-இலும் படகுகள் வந்தபோது இந்த ஊர் கதவைச் சாத்தவில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்கள் உண்டியல் குலுக்கினார்கள், கல்லூரி மாணவர்கள் துணிமணி சேர்த்தார்கள். அந்தத் தலைமுறையில் உங்கள் அப்பாவோ அத்தையோ இருந்திருக்கலாம். அன்று சோறும் போர்வையும் தேவைப்பட்டன. இன்று அந்தப் படகுகளில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது, கணினித் திரையில் ஒரு பெட்டியைச் சரியாக நிரப்பித் தருகிற ஒருவர்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். சேர்க்கை விண்ணப்பம் வந்த அன்றே முகாம் பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். ஊரறியச் சொல்ல வேண்டாம், நோட்டீஸ் போர்டில் 'அகதி' என்று ஒட்ட வேண்டாம். 2021 ஆகஸ்டிலேயே அந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியாயிற்று. டி.சி., ஆதார், முகாம் அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் அருகருகே வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. எங்கே திருத்த வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உங்கள் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்டுக் கொடுங்கள். இ-சேவை மையத்தில் அந்தக் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு, தனியாகப் போய் நிற்கும் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்குக் கிடையாது.

ஆதாரே இல்லாத பிள்ளை வந்தால் 18 நிறையும் வரை காத்திருக்க விடாதீர்கள். 18 தாண்டிப் புதிதாகப் பதிவு செய்தால் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். பதிவு செய்த சீட்டின் நகலை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்து, எண் பிறகு தரப்படும் என்று எழுதி அனுப்புங்கள். இணையத்தில் ஏறவில்லையா, தாளில் எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மறுவாழ்வுப் பிரிவுக்கும், சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். வங்கி இணைப்பை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். போனில் ஓடிபி வரும், அவ்வளவுதான். பிள்ளையை எதிரில் உட்காரவைத்தே பாருங்கள்.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலையை ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் கிளார்க் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். என்.எஸ்.எஸ். மாணவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்த நால்வரை ஜூன், ஜூலையில் இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்து முகாமுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் பிளஸ் ஒன் படிக்கும்போதே போய்ப் பெயர்த் திருத்தங்களைத் தொடங்கி வைத்தால் சேர்க்கை நேரத்தில் இந்தப் பாடு பாதியாகக் குறையும். வருவாய் ஆய்வாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அனுமதி கிடைக்கும். உதவித்தொகை தாமதமாகும் முகாம் பிள்ளைக்குச் செமஸ்டர் கட்டணத்தில் தவணை கொடுங்கள். தேர்வு ஹால் டிக்கெட்டை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

இந்த ஆண்டு சேர்க்கை முடிந்து ஆகஸ்ட் மாதம் வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். தனியாக எழுதி வைத்த அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். எங்காவது நின்றிருந்தால், பிள்ளை வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் வகுப்புக்கு ஆள் அனுப்பி நீங்களே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசையில் முன்பு வேலை பார்த்தவன்
கோயம்புத்தூர்